புது வயிறும் பழைய வைத்தியமும்

உடல் பருமனுக்காக இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புகிறவர்களில் பலருடைய முதல் புகார் வயிற்றைப் பற்றியதாக இருக்காது. தோள்பட்டை வலிக்கிறது என்பார்கள். தலையணை சரியில்லை, தியேட்டரில் கையை முறுக்கிப் படுக்க வைத்துவிட்டார்கள், வாயுப்பிடிப்பு என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் கிளம்பும். வாயு என்றவர் சொன்னதில் பாதி சரி. வாயுதான், ஆனால் வாழைக்காய் கொடுத்த வாயு அல்ல, மருத்துவமனை சிலிண்டரிலிருந்து வந்த வாயு.

இந்த அறுவை இப்போது பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில், சிறு துளைகள் வழியாக நடக்கிறது. உள்ளே கருவிகள் புழங்க இடம் வேண்டும் என்பதற்காக வயிற்றறைக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி உப்ப வைக்கிறார்கள். தீப்பிடிக்காது, ரத்தத்தில் எளிதில் கரையும், மூச்சோடு வெளியேறிவிடும் என்பதால் அந்த வாயு. வேலை முடிந்ததும் வெளியேற்றிவிடுவார்கள் என்றாலும் கொஞ்சம் தங்கிவிடும். நிமிர்ந்து உட்கார்ந்தால் அது மேலேறி உதரவிதானத்துக்கு அடியில் தேங்கி உறுத்தும். உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருவது. தோள்பட்டைத் தோலுக்குப் போகும் நரம்புகளும் கழுத்தில் அதே பகுதியிலிருந்து கிளம்புபவை. வலி எங்கிருந்து வந்தது என்று மூளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. பழியைத் தோளின் மேல் போட்டுவிடுகிறது. தைலம் தேய்ப்பதில் தப்பில்லை, சுகமாக இருக்கும். மருத்துவர்கள் சொல்வது நடை: வீட்டுக்குள்ளேயே மணிக்கொரு முறை ஐந்து நிமிடம். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும்.

அதே தோள்வலி, குறிப்பாக இடது தோளில், குறையாமல் கூடிக்கொண்டே போனால் கதை வேறு. இரைப்பையை வெட்டித் தைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டு உதரவிதானத்துக்கு அடியில் சீழ் கட்டினாலும் உறுத்தப்படுவது அந்த நரம்புதான். இதைச் சந்தேகிக்க உதவும் கருவி பல வீடுகளில் இருக்கிறது: கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்ட பல்ஸ் ஆக்சிமீட்டர். அதில் ஆக்சிஜன் அளவைத்தான் எல்லோரும் பார்ப்போம். பக்கத்தில் இருக்கும் நாடித்துடிப்பு எண்தான் இங்கே முக்கியம். ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் அது நிமிடத்துக்கு 120-க்கு மேலேயே நின்றால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், வயிறு பெரிதாக வலிக்காவிட்டாலும், அறுவை செய்த மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். கசிவு தரும் முதல் சைகை பல சமயம் இந்த வேகத்துடிப்புதான். காய்ச்சல் பின்னால் வரும். பிரஷருக்காக அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற துடிப்பை அடக்கும் மாத்திரைகளை எடுப்பவர்களிடம் எண் அந்த அளவுக்கு ஏறாமலே கசிவு இருக்கலாம். கசிவு முதல் வாரத்தோடு முடிந்துபோகிற பயமும் அல்ல. வீட்டுக்கு வந்து நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதும் வரும். ஒரு கால் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும் அதுவும் அவசரம்தான். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியவற்றையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவற்றையும் முதலிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இந்த அறுவைக்குப் பிறகு உடம்பு தரும் சைகைகள் பழையவைதான்: தாகம், குமட்டல், தலைசுற்றல், வாந்தி, மலச்சிக்கல். அர்த்தம்தான் மாறிப்போகிறது. தலைமுறை தலைமுறையாகக் கைகொடுத்த நம் வீட்டு வைத்தியங்கள் ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் இரைப்பையை மனதில் வைத்து உருவானவை. இப்போது உள்ளே இருப்பது அது இல்லை.

என்ன இருக்கிறது? உலகில் இன்று அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, ஒரு சிறு வாழைப்பழம் போன்ற குழாயை மட்டும் விடுகிறார்கள். 100 முதல் 150 மில்லிலிட்டர் கொள்ளும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவில் சுரப்பது வெட்டியெடுத்த அந்த மேல்பகுதியில்தான். 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த ஹார்மோன் அது. ஆகவே பசியும் சேர்ந்து படுத்துவிடுகிறது. பைபாஸ் முறை இன்னும் பழையது. குடல்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டவர்கள் மெலிந்தே இருப்பதைக் கவனித்த எட்வர்ட் மேசன் என்ற அறுவை நிபுணர் 1960-களின் நடுவில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அதைத் தொடங்கிவைத்தார். இப்போதைய வடிவத்தில் இரைப்பையின் மேல்நுனியில் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை ஒன்றைத் தனியே பிரித்து, அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். மீதி இரைப்பையையும் முன்சிறுகுடலையும் சாப்பாடு பார்ப்பதே இல்லை. உங்களுக்குச் செய்தது இவற்றில் எது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கீழே வரும் பலவற்றில் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

முதல் மாதத்தில் மருத்துவமனைக்குத் திரும்ப ஓட வைப்பதில் முன்னால் நிற்பது சாதாரணத் தண்ணீர்ப் பற்றாக்குறை. நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கும் வசதி இனி இல்லை. குழந்தைக்கு மருந்து ஊற்றும் 30 மில்லி மூடி இருக்கிறதே, அதை அளவாக வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை லிட்டர் என்றால் 50 மூடி. விழித்திருக்கும் நேரம் 15 மணி என்றால் 18 நிமிடத்துக்கு ஒரு மூடி. சாப்பிடும் நேரத்தையும் அதற்கு முன்னும் பின்னும் அரைமணியையும் கழித்தால் இடைவெளி இன்னும் குறையும். தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று காத்திருந்தால் சாயங்காலத்துக்குள் கணக்கு கையை மீறிவிடும். ஒரே மூச்சில் ஈடுகட்டவும் வழி கிடையாது. பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு சப்பிச் சப்பிக் குடிப்பதுதான் அந்த மாதத்தின் முழுநேர வேலை.

இதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். உதடு படாமல் அண்ணாந்து குடிப்பது. எச்சில் படாத சுத்தம் என்பது சரி. ஆனால் அண்ணாந்து குடிக்கும்போது தண்ணீர் மடக் மடக்கென்று இறங்கும், அதோடு காற்றும் சேர்ந்து இறங்கும். புதிதாகத் தைத்த குழாயில் அது மார்பு நடுவே சுருக்கென்று ஒரு வலியைக் கொடுத்துவிட்டு, ஏப்பமாகவோ வாந்தியாகவோ திரும்பும். கொஞ்ச நாளைக்குத் தனி டம்ளர் வைத்துக்கொண்டு வாய் வைத்தே குடிப்பது நல்லது.

எதைக் குடிப்பது என்பதில் நம் சமையலறை தாராளமானது. வடிகட்டிய ரசம், வெண்ணெய் எடுத்து உப்புப் போட்டு நீர்த்த மோர், பருப்புத் தண்ணீர். ஐஸ் தண்ணீர் சிலருக்கு ஒத்துவரும். சிலருக்கு வெதுவெதுப்பாக இருந்தால்தான் இறங்கும். இளநீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆகாது. சோடாவும் கூல்டிரிங்க்ஸும் வேண்டாம். சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிறிய மஞ்சளாக இருந்தால் நிம்மதி. கடுங்காப்பி நிறத்துக்குப் போனாலோ, பகல் முழுக்க ஒன்றிரண்டு முறைதான் போனீர்கள் என்றாலோ, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றாலோ பற்றாக்குறை வந்துவிட்டது.

கண் இருட்டுவதற்கு இன்னொரு காரணம் மருந்து டப்பாவுக்குள் இருக்கலாம். அறுவைக்கு முன் சாப்பிட்டுவந்த பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் பழைய உடம்புக்கும் பழைய சாப்பாட்டுக்கும் அளந்து கொடுத்தவை. சர்க்கரை அளவு எடை குறைவதற்கு முன்பே, சிலருக்குச் சில நாட்களிலேயே, இறங்கத் தொடங்கிவிடும். கிளிமிப்பிரைடு வகை மாத்திரையையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே தொடர்ந்தால் தாழ்சர்க்கரைதான் மிஞ்சும். நீர் பிரியும் மாத்திரை, ஏற்கெனவே வறண்ட உடம்பிலிருந்து மேலும் நீரை எடுக்கும். இன்னும் சூட்சுமமான ஒன்று, டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் முதலிய புதுவகை சர்க்கரை மாத்திரைகள். சாப்பாடு குறைந்த நிலையில் இவற்றைத் தொடர்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை அவ்வளவாக ஏறாமலே கீட்டோன் அமிலம் கூடி, வாந்தியும் மேல்மூச்சும் வரலாம். வீட்டு மீட்டரில் 150 காட்டுகிறதே, சர்க்கரையால் இருக்காது என்று ஏமாந்துவிடக் கூடிய இடம். எந்த மாத்திரையை எப்போது திரும்பத் தொடங்குவது என்று எழுதி வாங்காமல் மருத்துவமனையை விட்டுக் கிளம்பவே கூடாது என்பேன்.

அடுத்தது வாந்தி. கட்டுரையில் அதிக இடம் அதற்குத்தான்.

நீர் உணவு, கூழ் உணவு, மென்மையான உணவு, பிறகு கெட்டி உணவு என்று படிப்படியாக ஏறி வர ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். ஒவ்வொரு படியிலும் ஓரிரு முறை வாந்தி வருவது சகஜம். அளவு கூடிவிட்டது, வேகம் கூடிவிட்டது, மெல்லவில்லை, மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். உருட்டி விழுங்கிப் பழகிய சாதம், புரோட்டா, பிரெட், உலர்ந்துபோன கோழி நெஞ்சுக்கறி, இவைதான் வழக்கமாக மாட்டிக்கொள்பவை. மாட்டிக்கொண்டால் மார்பெலும்புக்குப் பின்னால் அடைக்கும், வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறும், சிலருக்கு மூக்கிலும் நீர் வடியும். உடனே பக்கத்தில் இருப்பவர் தண்ணீர்ச் செம்பை நீட்டுவார். நமக்கு விக்கினால் தண்ணீர், அடைத்தால் தண்ணீர். இங்கே அது எதிர்வேலை செய்யும். கீழே வழி அடைத்திருக்கும் குழாயில் மேலே தண்ணீர் ஊற்றினால் அதற்குத் திரும்பி வர ஒரே வழிதான் உண்டு. சாப்பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து மெதுவாக நடப்பது, நுரையைத் துப்பிவிடுவது, பொறுத்திருப்பது. இறங்கினாலும் சரி, வெளியே வந்தாலும் சரி, அன்றைக்கு மீண்டும் நீர் உணவு மட்டும்.

தாளிக்கும் வாசனையே குமட்ட வைக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. மனப்பிரமை என்று ஒதுக்காதீர்கள். இந்த அறுவைக்குப் பின் நாக்கும் மூக்கும் மாறிப்போவது பலருக்கு நடப்பதுதான். நேற்றுவரை உயிராக இருந்த கறிக்குழம்பு இன்று ஆகாமல் போகும். சில மாதங்களில் பெரும்பாலும் சமாதானமாகிவிடும்.

இவையெல்லாம் வந்துபோகும் வாந்தி. எதைக் குடித்தாலும் தங்கவில்லை, ஒரு நாள் முழுக்க இதே கதை என்றால் அது வேறு ரகம். கூழ் கட்டம் வரை நன்றாகச் சாப்பிட்டவருக்கு நாலாவது ஆறாவது வாரத்தில் திடீரென்று தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால், பைபாஸ் இணைப்பில் தழும்பு இறுகி வழி சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பியில் பலூன் விட்டு விரித்துவிடுவார்கள், சரியாகிவிடும். அபாயம் அந்தச் சுருக்கத்தில் அல்ல, அதைக் கண்டுபிடிக்கும்வரை கழியும் நாட்களில் இருக்கிறது.

நம் ஊரில் அந்த நாட்களில் என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, சோர்ந்து கிடக்கிறார், பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்தால் தெம்பாகிவிடும். யார் வீட்டில்தான் இப்படி நடக்கவில்லை? மற்ற எந்த வாந்திக்கும் பெரும்பாலும் தீங்கில்லாத இந்த வைத்தியம், வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாத பேரியாட்ரிக் (உடல் பருமன் அறுவை) நோயாளிக்கு மூளையைக் கெடுத்துவிடக்கூடும்.

காரணம் தயமின் என்ற வைட்டமின் பி1. உடம்பில் மொத்தச் சேமிப்பே சுமார் 30 மில்லிகிராம்தான். நாளைக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் செலவாகும். வரவு நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் கஜானா காலி. குளுக்கோஸை எரித்துச் சக்தியாக மாற்றும் நொதிகள் வேலை செய்யத் தயமின் கூட நின்றாக வேண்டும். மூளை வாழ்வதோ முக்கியமாகக் குளுக்கோஸில். தயமின் வறண்ட உடம்பில் திடீரென்று பாட்டில் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருந்த சொட்டுத் தயமினையும் அதை எரிக்கவே செலவழித்துவிட்டு மூளையின் நடுப்பகுதிகள் சேதமடையத் தொடங்கும். பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், கருவிழி நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்றில்லை. ஒன்று மட்டும் வந்தும் ஏமாற்றும். கவனிக்காமல் விட்டால் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத நிலை நிரந்தரமாகிவிடலாம்.

ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1881-ல் இந்த நோயை முதன்முதலில் விவரித்தார். குடிகாரர்களுக்கு வரும் நோய் என்றே பிற்காலத்தில் பெயர் வாங்கிவிட்டது. ஆனால் அவர் எழுதிய மூன்று பேரில் இருவர்தான் குடிப்பழக்கம் உள்ளவர்கள். மூன்றாமவர் 20 வயதுத் தையற்காரப் பெண். கந்தக அமிலத்தைக் குடித்து, இரைப்பையின் வாய் சுருங்கி, ஓயாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர். இரைப்பை வழி அடைபட்டால் மூளை கெடும் என்பதற்கு, உடல் பருமன் அறுவை என்ற ஒன்று பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே சாட்சி இருந்திருக்கிறது.

தயமின் கதைக்கு நம் பக்கத்துத் தொடர்பும் உண்டு. ஜாவாவில் கிறிஸ்டியான் ஐக்மன் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போனதைக் கண்டு தொடங்கிய தேடல் அவருக்கு 1929-ல் நோபல் பரிசைத் தந்தது. தயமின் குறைவால் வரும் அந்த பெரிபெரி நோயை ஆராயவே 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் குன்னூரில் ஒரு சிறு ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். பின்னாளில் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது அதுதான். பழைய சென்னை மாகாணத்தில் பச்சரிசி தீட்டிச் சாப்பிட்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி பரவலாக இருந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட பகுதிகள் பெரும்பாலும் தப்பித்தன. நெல்லைப் புழுக்கும்போது உமிக்கடியில் இருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதுதான் காரணம்.

இதை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம், தடுப்பது மிகச் சுலபம் என்பதே. ஒரே ஒரு நாள் எதுவும் தங்கவில்லை என்றாலே அறுவை செய்த இடத்துக்குப் போன் செய்யுங்கள். தூரம் அதிகம், பக்கத்துக் கிளினிக்தான் கதி என்றால், உள்ளே நுழைந்ததும் சொல்ல வேண்டியது இதுதான்: "இரைப்பை அறுவை செய்திருக்கிறது, பல நாளாக வாந்தி, தயமின் ஊசி போட்ட பிறகு குளுக்கோஸ் ஏற்றுங்கள்." வறட்சிக்கு முதலில் உப்பு நீரான நார்மல் சலைன் போதும். டாக்டருக்கே சொல்லிக்கொடுப்பதா என்று கூச்சப்பட வேண்டாம். இதயம், காய்ச்சல், விஷக்கடி என்று எல்லாம் பார்க்கும் மருத்துவருக்கு பேரியாட்ரிக் நோயாளி எப்போதாவது வருபவர்தான். நீங்கள் எடுத்துக் கொடுத்தால் அவரே மீதியைப் பார்த்துக்கொள்வார்.

இனி இனிப்புக்கு வருவோம். பைபாஸ் செய்தவர்களில் பலருக்கும், ஸ்லீவ் செய்தவர்களில் சிலருக்கும் பாயசமோ கேசரியோ உள்ளே போன பத்து நிமிடத்திலிருந்து அரைமணிக்குள் நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், வயிற்றைப் புரட்டிக்கொண்டு போகும், படுத்தால் தேவலை என்றிருக்கும். டம்பிங் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பைபாஸில் இரைப்பையின் வாயில் காவல் இல்லாததால் கெட்டியான சர்க்கரைக் கரைசல் நேராகச் சிறுகுடலில் கொட்டுகிறது. அதை நீர்க்க வைக்க ரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் பாய்கிறது. ரத்த ஓட்டம் சுருங்க, இதயம் வேகமெடுக்கிறது. மாரடைப்பு என்று பயந்து ஓடியவர்களும் உண்டு. அரைமணி படுத்தால் அடங்கும். மார்பை அழுத்தும் வலி, இடது கைக்குப் பரவும் வலி இருந்தால் மட்டும் டம்பிங் என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

இன்னொரு வகை தாமதமாக வரும். சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துக் கை நடுக்கம், வேர்வை, குழப்பம், சில சமயம் மயக்கம். சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்கியதால் ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோன் மிதமிஞ்சிச் சுரந்து, அது இன்சுலினைக் கிளப்பிவிட்டு, ரத்தச் சர்க்கரை தேவைக்குக் கீழே சரிந்துவிடுவதால் வருவது. உடல் இளைக்க இப்போது பிரபலமாகியிருக்கும் ஊசிகள் எந்த ஹார்மோனின் வேலையைச் செய்கின்றனவோ, அதே ஹார்மோன்தான். இது பெரும்பாலும் அறுவை முடிந்து ஒரு வருடம் போல ஆன பிறகே தலைகாட்டும் என்பதால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. மயங்கி வரும்போது சர்க்கரை கொடுக்கத்தான் வேண்டும். மூன்று டீஸ்பூன், அவ்வளவுதான். பதற்றத்தில் ஒரு பெரிய டம்ளர் ஜூஸைக் கொடுத்தால் இரண்டு மணி நேரத்தில் இன்னொரு சரிவுக்கு விதை போட்டாகிவிடும். தெளிந்ததும் ஒரு அவித்த முட்டையோ கொஞ்சம் பனீரோ சாப்பிட வேண்டும். அடிக்கடி வந்தால் உணவு முறையை மாற்றியும் அக்கார்போஸ் போன்ற மாத்திரையாலும் கட்டுப்படுத்தலாம். தனியாக வண்டி ஓட்டுபவர்கள் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

மலச்சிக்கலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாடே கைப்பிடி அளவு, நார் குறைவு, தண்ணீர் குறைவு, கூடவே இரும்புச்சத்து மாத்திரை. இரண்டு நாளுக்கொரு முறை போனால் போதும். விளக்கெண்ணெய் வேண்டாம், இசப்கோலும் தண்ணீர் போதாத இந்தக் கட்டத்தில் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். லாக்டுலோஸ் மாதிரி சிரப்பை மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம். பாலுக்கு வயிறு இளகினால் தயிருக்கு மாறுங்கள். நெஞ்செரிச்சல் ஸ்லீவ் செய்தவர்களுக்குச் சொத்து மாதிரி கூடவே வரும்; குழாய்க்குள் அழுத்தம் அதிகம், அமிலம் மேலே ஏறும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி இடைவெளி, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் செங்கல். வருடக்கணக்கில் மாத்திரை இல்லாமல் முடியவில்லை என்றால் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும்.

மூட்டு வலி, தலைவலி என்றால் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் கிடைக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், அசெக்ளோஃபெனாக் வகையறா பைபாஸ் செய்தவர்களுக்கு ஆயுள் முழுக்க ஆகாது. இரைப்பைப் பையும் குடலும் இணையும் ஓரத்தில் புண் விழும். புகை பிடிப்பவராக இருந்தால் இன்னும் சீக்கிரம். பாராசிட்டமால் போதும். "வலிக்கு ஏதாவது கொடுங்க" என்று கடையில் கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் இவற்றில் ஒன்று கலந்த மாத்திரைதான்; அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். மலம் கறுத்துப் போவதற்கு இரும்பு மாத்திரையும் காரணமாகலாம். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, நாற்றம் குடலைப் பிடுங்கினால் அது ரத்தக் கசிவு.

மூன்றாம் மாதம் வந்ததும் எல்லோரையும் கலங்க வைப்பது முடி. சீப்பு நிறைய, குளியலறை வடிகால் நிறைய. எடை இறங்கிய சந்தோஷமே போய்விடும். தலையில் சாதாரணமாகப் பத்தில் ஒரு முடி ஓய்வில் இருக்கும்; மற்றவை வளர்ந்துகொண்டிருக்கும். அறுவை, பட்டினி முதலிய பெரிய அதிர்ச்சி வந்தால் உடம்பு செலவைக் குறைக்கிறது. வளரும் முடிகளில் ஒரு பெரும் பங்கை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறது. அப்படி ஓய்வுக்குப் போன முடி சுமார் மூன்று மாதம் கழித்துத்தான் உதிரும். பிரசவத்துக்குப் பின் முடி கொட்டுவதும் டெங்குவுக்குப் பின் கொட்டுவதும் இதே கணக்கில்தான். வேர் செத்துவிடவில்லை, பெரும்பாலோருக்கு ஆறேழு மாதத்தில் திரும்பி வளரத் தொடங்கும். எந்த எண்ணெயும் இதை முன்கூட்டியே முடித்துவைக்காது. பயோட்டின் மாத்திரை வாங்கி விழுங்குபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: அது தைராய்டு பரிசோதனையையும் மாரடைப்பைக் கண்டறியும் டிரோப்போனின் பரிசோதனையையும் தப்பாகக் காட்ட வைக்கும். ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

முடிக்கும் தசைக்கும் உண்மையில் வேண்டியது புரதம். நாளைக்கு குறைந்தது 60 கிராம். சைவ வீட்டில் இதை எட்டுவது எவ்வளவு பாடு என்று கூட்டிப் பார்த்தால் தெரியும். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம். 200 மில்லி தயிரில் 7, அதே அளவு பாலில் இன்னொரு 6 அல்லது 7, 30 கிராம் பாசிப்பருப்பில் 7, 50 கிராம் பனீரில் 9. இத்தனையும் சாப்பிட்டால் 30 கிராமைத்தான் தாண்டுகிறோம், அதற்குள் வயிறு நிறைந்துவிடும். முட்டையும் மீனும் சேர்ப்பவர்களுக்குப் பாடு குறைவு: முட்டை ஒன்றுக்கு 6, மீன் 100 கிராமுக்கு 20. மற்றவர்களுக்கு முதல் சில மாதங்கள் புரதப் பவுடர் ஆடம்பரம் அல்ல. தட்டில் முதலில் கைபோக வேண்டியது பருப்பிலும் பனீரிலும் முட்டையிலும். சாதம் கடைசியில், இடம் இருந்தால். "ரெண்டு வாய் சாதம் சாப்பிட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்று கூட இருந்து ஊட்டும் அன்புக்குக் கொஞ்சம் விடுமுறை கொடுக்க வேண்டியிருக்கும்.

மாத்திரைகளிலும் நேரம் பார்க்க வேண்டும். இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும். இடையில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு அமிலம் குறைவென்பதால் கால்சியம் கார்பனேட்டைவிட சிட்ரேட் நன்றாக ஏறும். காலைக் காப்பியோடு இரும்பு மாத்திரை போட்டால் காப்பிதான் ஜெயிக்கும். பி12 விஷயம் தயமினுக்கு நேர் எதிர்: கல்லீரலில் வருடக்கணக்கில் தாங்கும் சேமிப்பு உண்டு, அதனால் குறைபாடும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று செக்கப்புக்குப் போவதை நிறுத்திய பிறகுதான் வரும், உள்ளங்காலில் மதமதப்பாக. சர்க்கரை நோயால் வந்த மதமதப்பு என்று விட்டுவிடுவது எளிது.

வேகமாக இளைக்கும்போது கல்லீரல் பித்தநீரில் கொழுப்பை அதிகம் கொட்டும். பித்தப்பையில் கல் சேரும். முதல் ஆறு மாதத்துக்கு அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை கொடுப்பது அதற்காகத்தான். தேவையில்லாத மாத்திரை என்று நிறுத்திவிடாதீர்கள். சாப்பிட்டபின் வலது விலாவுக்கடியில் பிடித்து முதுகுக்குப் பரவும் வலி வாயு அல்ல.

பைபாஸ் செய்தவர்களுக்கு மட்டும் இன்னொன்று. எடை நன்றாக இறங்கிய பிறகு, ஒரு வருடம் கழித்தோ ஐந்து வருடம் கழித்தோ, குடல் மடிப்புகளுக்கு நடுவே இருந்த கொழுப்பு கரைந்து சந்து விட்டிருக்கும். அதில் குடலின் ஒரு வளையம் நுழைந்து முறுக்கிக்கொள்ளலாம். தொப்புளைச் சுற்றியோ இடது மேல்வயிற்றிலோ விட்டுவிட்டுப் பிடிக்கும் கடும் வலியாக வரும். சில சமயம் தானே விடுபட்டு வலி மாயமாகும், மறுபடி வரும். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும், சிடி ஸ்கேனும் சில சமயம் சரியாகவே வரும். கேஸ் என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். முறுக்கிய குடலுக்கு ரத்தம் நின்றுபோனால் அவகாசம் சில மணி நேரம்தான். கர்ப்பிணிகளுக்குக் கருப்பை குடலை மேலே தள்ளும்போது இது வர வாய்ப்பு அதிகம், பிரசவ வலி என்று நினைத்துவிடும் வாய்ப்பும் அதிகம். ஸ்கேனில் ஒன்றுமில்லை, வலி மட்டும் போகவில்லை என்றால் துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பதா என்ற முடிவை பேரியாட்ரிக் அறுவை தெரிந்த மருத்துவர்தான் எடுக்க முடியும். அவருடைய எண்ணும், எந்த அறுவை எந்தத் தேதியில் நடந்தது என்று காட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியின் போட்டோவும் உங்கள் போனில் மட்டுமல்ல, வீட்டில் இன்னொருவர் போனிலும் இருக்கட்டும்.